தாய் பாடிய பாட்டு. மகள் காதில் விழுந்தது!

25 ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்க முடியாத விளையாட்டுப் பாட்டின் கதை

இரவு நேரம். பெரிய ஓட்டல். மங்கிய விளக்கு வெளிச்சத்தில் ஓர் இளம் பெண் பியானோ வாசித்துக்கொண்டு இருக்கிறாள். சிவப்பு உடை. அமைதியான முகம்.

ஒரு மேஜையில் மூன்று சிப்பாய்கள் உட்கார்ந்து இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு அவள் மீது காதல். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த ஓட்டலுக்கு வருவான். அவளையே பார்த்துக்கொண்டு இருப்பான். ஆனால், ஒரு வார்த்தை பேசியது இல்லை.

ஒரு நாள் துணிச்சலோடு எழுந்து அவள் பக்கம் போகிறான். போன இடத்தில் காலில் சதை பிடித்துக்கொள்கிறது! நொண்டிக்கொண்டே திரும்பி வருகிறான். நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

இது சினிமாவில் வரும் காட்சி அல்ல. நாடகமும் அல்ல. டெலிவிஷன் பெட்டியில் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டில் வரும் காட்சி!

அந்த விளையாட்டின் பெயர், "ஃபைனல் ஃபேன்டசி-8." ஜப்பான் நாட்டில் "ஸ்கொயர்" என்ற கம்பெனி தயாரித்தது. 1999-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி வெளிவந்தது. உலகம் முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

அதில் ஒரு காதல் பாட்டு உண்டு. "ஐஸ் ஆன் மீ" என்பது அதன் பெயர். "என் மீது உன் கண்கள்" என்று பொருள்.

அன்று 15 வயதில் அந்த விளையாட்டை ஆடியவர்கள் இன்று 40 வயதைத் தாண்டிவிட்டார்கள். விளையாட்டில் யாரை அடித்தோம், எப்படி ஜெயித்தோம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பாட்டை மட்டும் மறக்கவில்லை!

என்ன காரணம்?

பாட்டு பிறந்த கதை

கதையைத் தொடர்ந்து பார்ப்போம்.

சிப்பாயின் பெயர் லகுனா. பியானோ வாசிக்கும் பெண்ணின் பெயர் ஜூலியா.

லகுனா நொண்டிக்கொண்டு திரும்பிய அன்று, ஜூலியாவே அவன் மேஜைக்கு வருகிறாள். பேச வேண்டும் என்று அழைக்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறான். போர் பிடிக்கவில்லை என்கிறான். ஊர் ஊராகச் சுற்றி, பார்த்ததை எல்லாம் பத்திரிகையில் எழுத வேண்டும் என்பது அவன் ஆசை.

ஜூலியாவுக்கும் ஓர் ஆசை உண்டு. பியானோ வாசித்தால் போதாது, பாட வேண்டும். ஆனால், பாட்டு எழுத அவளுக்கு வார்த்தைகள் வரவில்லை. இவனைப் பார்த்த பிறகு வார்த்தைகள் கிடைத்துவிட்டன. அவன் பார்த்த பார்வையே பாட்டாகிவிட்டது.

அந்த நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. படை உடனே புறப்பட வேண்டும் என்று உத்தரவு!

"மறுபடியும் சந்திக்க முடியுமா?" என்று கேட்கிறாள், ஜூலியா. பாட்டைக் கேட்பதற்காகவாவது திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான், லகுனா.

போனவன் திரும்பவில்லை.

பிரிந்த காதலர்கள்

போரில் லகுனா படுகாயம் அடைகிறான். எங்கோ ஒரு கிராமத்தில் ரெய்ன் என்ற பெண் அவனைக் காப்பாற்றுகிறாள். மாதக்கணக்கில் பணிவிடை செய்கிறாள். பின்னர் அவளையே அவன் மணந்துகொள்கிறான்.

இங்கே ஜூலியா காத்திருந்து காத்திருந்து மனம் உடைகிறாள். அவளுக்கு ஆறுதல் சொன்ன படை அதிகாரியை அவள் மணக்கிறாள். அவள் எழுதிய பாட்டு வெளிவந்து, ஊர் எல்லாம் ஒலிக்கிறது. புகழ் வருகிறது. ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது.

குழந்தைக்கு 5 வயது ஆனபோது, கார் விபத்தில் ஜூலியா இறந்துபோகிறாள்.

அந்தக் குழந்தைதான் விளையாட்டின் கதாநாயகி ரினோவா. கதாநாயகன் ஸ்குவால் யார் தெரியுமா? லகுனாவுக்கும் ரெய்னுக்கும் பிறந்த மகன்! விளையாட்டு இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால், ஆடுகிறவர்கள் புரிந்துகொள்ளும்படி பல குறிப்புகளைக் கொடுத்து இருக்கிறது.

பெற்றோர் சேரவில்லை. பிள்ளைகள் சேருகிறார்கள். தமக்கு முன்னால் நடந்த கதை அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. ஆட்டத்தை ஆடுகிறவருக்குத்தான் தெரியும். பாட்டின் சக்தி அங்கேதான் இருக்கிறது.

மூன்று சுரத்தில் இருந்து மனிதக் குரல் வரை

இந்தப் பாட்டுக்கு இசை அமைத்தவர், நோபுவோ உயேமட்சு. 1959-ம் ஆண்டு ஜப்பானில் கோச்சி என்ற ஊரில் பிறந்தவர். எந்த இசைப் பள்ளியிலும் படிக்கவில்லை. தாமாகவே பியானோ பழகினார். இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜானின் பாட்டு என்றால் அவருக்கு உயிர். இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் கடையில் சில காலம் வேலை பார்த்தார். 1986-ம் ஆண்டு ஸ்கொயர் கம்பெனியில் சேர்ந்தார்.

"ஃபைனல் ஃபேன்டசி" வரிசையின் முதல் விளையாட்டு 1987-ம் ஆண்டு வெளிவந்தது. அப்போது இருந்த விளையாட்டுப் பெட்டியில், மெட்டுப் போட ஒரே நேரத்தில் மூன்று சுரங்கள்தான் ஒலிக்கும். அதோடு "உஸ்" என்று ஓர் இரைச்சல், அதுதான் மத்தளம்! அதை வைத்துக்கொண்டுதான் உயேமட்சு இசை அமைத்தார்.

1994-ம் ஆண்டு ஆறாவது விளையாட்டு வந்தது. அதில் கதாநாயகி மேடை ஏறிப் பாடும் காட்சி உண்டு. ஆனால், மனிதக் குரல் கிடையாது. குரலைப் போல ஓர் ஒலியை எந்திரம் எழுப்பும். பாட்டின் வார்த்தைகள் திரையில் எழுத்தாக வரும். அதைப் பார்த்தே பலர் கண் கலங்கினார்கள்.

அதே 1994-ம் ஆண்டு டிசம்பர் மாதம் "பிளேஸ்டேஷன்" பெட்டி விற்பனைக்கு வந்தது. அது குறுந்தகட்டில் ஓடுவது. குறுந்தகட்டில் இடம் அதிகம். பாட்டையும் அப்படியே பதிவு செய்துவிடலாம். எட்டாவது விளையாட்டு நான்கு குறுந்தகடுகளில் வந்தது. ஒரு பாடகி வார்த்தைகளோடு முழுப் பாட்டையும் பாடியது, இந்த வரிசையில் அதுவே முதல் தடவை.

சீனப் பாடகி

பாடியவர், ஃபே வோங். 1969-ம் ஆண்டு பீஜிங் நகரில் பிறந்தவர். 1987-ம் ஆண்டு ஹாங்காங்குக்குக் குடிபோனார். அங்கே பேசும் காண்டன் மொழியில் பாடிப் புகழ் பெற்றார். "சுங்கிங் எக்ஸ்பிரஸ்" என்ற படத்தில் நடித்தும் இருக்கிறார்.

பாட்டை எழுதியவர், காகோ சொமெயா. வாத்திய இசையை ஒழுங்கு செய்தவர், ஷிரோ ஹமாகுச்சி.

வேடிக்கையைப் பாருங்கள். இசை அமைத்தவர் ஜப்பானியர். பாடியவர் சீனப் பெண். பாட்டோ ஆங்கிலப் பாட்டு! விளையாட்டு உலகம் எங்கும் போகப் போகிறது. அதற்கு ஏற்ற குரல் வேண்டும் என்று உயேமட்சு நினைத்தார். ஃபே வோங் குரலைக் கேட்டதும், தம் மனத்தில் இருந்த பாட்டுக்கு அது பொருந்தும் என்று முடிவு செய்தார்.

1999-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, பாட்டு மட்டும் தனி இசைத்தட்டாக ஜப்பானில் வெளிவந்தது. 5 லட்சத்துக்கு மேல் விற்றது! விளையாட்டுப் பாட்டு ஒன்று அதுவரை அவ்வளவு விற்றது இல்லை. 14-வது ஜப்பான் தங்க இசைத்தட்டு விருது விழாவில், வெளிநாட்டு இசைப் பிரிவில் ஆண்டின் சிறந்த பாட்டு என்ற பரிசும் கிடைத்தது.

விண்வெளியில் ஒலித்த பாட்டு

இத்தனை புகழ் பெற்ற பாட்டு, விளையாட்டில் எங்கே வருகிறது?

அதற்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது குறுந்தகட்டில்தான் பாட்டு முழுதாக வருகிறது.

ரினோவா விண்வெளியில் தன்னந்தனியாக மிதக்கிறாள். மூச்சுக் காற்று தீர்ந்துகொண்டு இருக்கிறது. அவளைக் காப்பாற்ற ஸ்குவாலும் உயிரைத் துச்சமாக எண்ணி வெளியே குதிக்கிறான். கைவிடப்பட்ட விண்கப்பல் ஒன்று இருவருக்கும் அடைக்கலம் தருகிறது.

கப்பல் பூமியை நோக்கித் திரும்புகிறது. இருவரும் அருகருகே இருக்கிறார்கள். அப்போது பாட்டு ஒலிக்கிறது.

அவளுக்குத் தெரியும்: கப்பல் தரையில் இறங்கினால் பிரிவு! சூனியக்காரியின் சக்தி அவளுக்கு வந்துவிட்டது. அவளைச் சிறை வைக்க ஆட்கள் காத்து இருக்கிறார்கள். ஆகவே, பாட்டு ஒலிக்கும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம்.

பாட்டின் மெட்டு ஆடுகிறவருக்குப் புதிது அல்ல. முதலிலேயே நடன விருந்துக் காட்சியில் கொஞ்சம் கேட்டு இருப்பார். ஓட்டலில் ஜூலியா பியானோவில் வாசித்தபோதும் கேட்டு இருப்பார். அப்போது வார்த்தை இல்லை. இப்போதுதான் குரலும் வார்த்தையும் சேர்ந்து வருகின்றன. உறவுக்காரர் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்!

"பிடிக்கவில்லை" என்பவர்கள்

எல்லோரும் இந்தப் பாட்டைப் புகழவில்லை. குறை சொல்கிறவர்களும் உண்டு.

"விண்வெளியில் உயிர் போகிற நேரத்தில் இப்படி ஒரு தேன் பாட்டு எதற்கு? இசைத்தட்டு விற்பதற்காகச் செருகியது" என்பது ஒரு கட்சி.

"ஆங்கிலம் ஒட்டவில்லை. தாய்மொழியில் பாடி இருந்தால் இன்னும் உருக்கமாக இருக்கும்" என்பது இன்னொரு கட்சி.

மூன்றாவது குறைதான் பலமானது. "அது தாய் எழுதிய பாட்டு. அதுவும் வேறொருவனை நினைத்து எழுதியது. மகளின் காதலுக்கு அதைப் போடுவது பொருத்தமா? இவர்கள் காதலுக்கு என்று ஒரு பாட்டு கிடையாதா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி.

ஆனால், அதற்குப் பதிலும் உண்டு. ஜூலியா ஒரு பார்வைக்காக அந்தப் பாட்டை எழுதினாள். எதிரே உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னவன் வரவில்லை. பாட்டு, முகவரி தவறிய கடிதம்போல் நின்றுவிட்டது. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் எது? அவள் மகளும், அவன் மகனும் இருக்கும் இடம்! ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்ட அந்த இருவருக்கும், தாய் எழுதிய பாட்டுதான் துணை நிற்கிறது. வேறு எந்தப் புதுப் பாட்டாலும் இதைச் செய்ய முடியாது.

ஆங்கிலம் ஒட்டவில்லை என்பது ஓரளவு உண்மைதான். ஆயினும், குரலில் தெரியும் அந்தத் தயக்கமே சிலருக்குப் பிடித்து இருக்கிறது. பேசத் தெரியாமல் கால் நொண்டியவன் கதைக்கு, தட்டுத் தடங்கல் இல்லாத பாட்டு எதற்கு என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பாட்டைக் கலியாண விருந்தில் வாசிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கதை தெரிந்தவர்கள், "இது பிரிந்தவர்கள் பாட்டு ஆயிற்றே!" என்று தயங்குவார்கள். கதையை முழுதும் பார்த்தவர்களோ, "சேர்ந்தவர்கள் பாட்டும் இதுதான்" என்பார்கள்.

நினைவில் நிற்பது எது?

அந்த விளையாட்டு ஒரு மணி நேரத்தில் முடிவது அல்ல. முடிக்க நாற்பது மணி நேரம் போல ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாளுக்குக் கொஞ்சமாக ஆட வேண்டும். ஆடிய இடத்தைச் சின்ன அட்டையில் பதிந்து வைக்க வேண்டும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன?" என்று கேட்பான். "போதும், படுங்கள்" என்று அம்மா சத்தம் போடுவார்.

அப்படி வாரக்கணக்கில் காத்திருந்து கேட்ட பாட்டு அது. விரும்பியபோது விரலால் தட்டிக் கேட்ட பாட்டு அல்ல. ஆகவேதான் அதன் முதல் சுரம் காதில் விழுந்ததும், பாட்டு மட்டும் நினைவுக்கு வருவது இல்லை. பழைய வீடு, பெரிய டெலிவிஷன் பெட்டி, பக்கத்தில் இருந்த தம்பி, சத்தம் போட்ட அம்மா எல்லோரும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர் இன்று இல்லாமலும் இருக்கலாம்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், படங்களைத் தெளிவாக்கி அந்த விளையாட்டை மறுபடியும் வெளியிட்டார்கள். அன்று ஆடிய பிள்ளைகள் இப்போது தாய், தகப்பன் ஆகிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

விண்கப்பல் காட்சி வந்ததும், "பேசாமல் கேள்" என்கிறார் அப்பா. "இது யார் பாடுகிற பாட்டு?" என்று கேட்கிறது, குழந்தை.

"அந்தப் பெண்ணின் அம்மா எழுதிய பாட்டு" என்று சொல்லிவிட்டு, அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.