பழைய மானிட்டரும் மூன்று தலைமுறையும்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. மேசையில் மெல்லிய எல்.இ.டி. மானிட்டர் அழகாக உட்கார்ந்திருக்கிறது. சரி, அதற்கு முன் வீட்டில் இருந்த, பெட்டி போன்ற கனமான மானிட்டர் எங்கே? பரணிலா, காயலான் கடையிலா?

அந்தப் பெட்டிக்குள் இருப்பது சி.ஆர்.டி. எனப்படும் படக்குழாய். அது இயங்கும்போது உண்டாகும் எக்ஸ் கதிர்கள் வெளியே வராமல் தடுக்க, கண்ணாடியிலேயே காரீயம் கலந்திருப்பார்கள். பழைய மதர்போர்டுகளில் பாகங்களைப் பற்றவைத்த சாலிடரிலும் சுமார் 37 சதவீதம் காரீயம்தான். (பாட்டி ரசம் வைக்கும் அசல் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயம்.) மானிட்டர் முழுசாக இருக்கும்வரை பயப்பட வேண்டாம். அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வதால் காரீயம் உடம்பில் ஏறிவிடாது. செம்புக் கம்பிக்காகக் குழாயை உடைப்பது, போர்டைச் சூடாக்கிப் பாகங்களைக் கழற்றுவது, இவற்றில்தான் காரீயம் தூசியாகவும் புகையாகவும் வெளியே வருகிறது. அந்தத் தூசி உடைப்பவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விடும்.

அங்கே தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தை இருந்தால்? வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர் உடல் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். சிறு குழந்தையின் உடல் பாதி வரை உறிஞ்சிவிடும். வளரும் மூளையை அது பாதிக்கிறது. படிப்பும் கவனமும் குறைகின்றன. பழைய கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிழைத்த சீன ஊரான குய்யூவில் 165 குழந்தைகளைச் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 100 மில்லி ரத்தத்தில் சராசரி 15.3 மைக்ரோகிராம் காரீயம்! அமெரிக்காவில் 2021 முதல் 3.5-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ, பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது.

விஷயம் இத்தோடு முடியவில்லை. நம் உடல் காரீயத்தைக் கால்சியம் போலவே நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் பதிந்த பழைய ஃபைல் மாதிரி, அது பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். சிறுமியாக இருந்தபோது சேர்ந்தது, அவள் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியத்தோடு சேர்ந்து கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. காரீயத் தூசியையே பார்த்திராத குழந்தைக்கும் பங்கு போய்ச் சேர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும்போதும் இப்படித்தான். பாட்டியின் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல. கர்ப்பிணிகள் உணவில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் கரைசல் ஓரளவு குறையும்.

எனவே எடைக்குப் போட வேண்டாம். மின்னணுக் கழிவுகளை அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் சேர்க்க 2012 முதலே நம் நாட்டில் விதிகள் உண்டு. பிராண்டட் பொருள் என்றால், அந்த கம்பெனியின் இணையதளத்தில் திரும்பப் பெறும் மையங்கள் எங்கே உள்ளன என்று பாருங்கள். காயலான் கடைக்காரர் கொடுப்பதைவிடக் காசு குறைவாகத்தான் கிடைக்கும், சில இடங்களில் ஒன்றுமே கிடைக்காது.

அதுவரை பரணிலேயே இருக்கட்டும். தவறி விழுந்து உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல், கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். துணியையும் கண்ணாடியோடு சேர்த்து பையில் கட்டிவிடுங்கள்.