டர்னரின் ஒளி தாளில் பிறந்தது

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை அவருடைய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள்தான். உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படும் போர்க்கப்பல் 'டெமரேர்', மழையைக் கிழித்து வரும் ரயில் ஆகியவை புகழின் உச்சியில் இருக்கின்றன. நீர்வண்ணம் அவருக்கு இளமைப் பயிற்சி, எண்ணெய் வண்ணமே சாதனை என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. இந்தக் கணிப்பு தவறு. அவருடைய கேன்வாஸ்களில் உலகம் வியந்த ஒளியை அவர் கண்டெடுத்தது தாளில். அதை எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுபோனது பிற்பாடுதான்.

1775-இல் லண்டனில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர் டர்னர். 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். 1790-இல் அகாடமி கண்காட்சியில் இடம்பெற்ற அவரது முதல் படைப்பு நீர்வண்ண ஓவியம். முதல் எண்ணெய் ஓவியம் அங்கே வந்தது 1796-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவர் தாமஸ் மன்றோவின் வீட்டில், மாலை நேரங்களில், நண்பர் தாமஸ் கிர்ட்டின் கோட்டுருவம் வரைய, டர்னர் அதன்மேல் வண்ணம் பூசினார். கோட்டை நம்பாமல், அடர்த்தியையும் மென்மையையும் கொண்டே தொலைவைக் காட்டும் வித்தை அங்கேதான் கைவந்திருக்க வேண்டும்.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மை. ஓவியர் அதைப் பூசுவதில்லை, மறைக்காமல் விடுகிறார். எண்ணெய் வண்ணத்தின் மரபு இதற்கு நேர் எதிர்: கருமையான அடித்தளத்தில் தொடங்கி, வெளிச்சத்தைக் கடைசியில் மேலே வைப்பார்கள். தாளில் பழகிய டர்னர் கேன்வாஸுக்கும் வெள்ளை அடித்தளம் இட்டார். சர் ஜார்ஜ் போமாண்ட் போன்ற மரபுவாதிகள் அவரையும் அவர் வழி வந்தோரையும் 'வெள்ளை ஓவியர்கள்' என்று இகழ்ந்தார்கள். அந்த இகழ்ச்சியே நல்ல சாட்சி. இன்னும் வலுவான சாட்சி நோரம் கோட்டை. 1797-இல் முதன்முதலாக அதைக் கண்ட டர்னர், மறு ஆண்டே நீர்வண்ணத்தில் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். வாழ்நாள் முழுவதும் அதற்குத் திரும்பிக்கொண்டே இருந்தார். 1845 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'நோரம் கோட்டை, சூரிய உதயம்' ஓவியத்தில் கோட்டை ஒரு நீலக் கசிவு, மாடு ஒரு பழுப்புத் தீற்றல், மற்றதெல்லாம் வெண்மைமேல் மெல்லப் படிந்த வண்ணம். எண்ணெயைத் தண்ணீர்போல் நடத்திய கை அது.

நீர்வண்ணம் அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்று சொல்வோர் உண்டு. பாதி உண்மை. 1820களிலும் 30களிலும் இங்கிலாந்து, வேல்ஸ் காட்சிகளைச் செதுக்கு அச்சுக்காகவே தீட்டினார், பணமும் வந்தது. ஆனால் அச்சில் வரப்போவது கறுப்பும் வெள்ளையும்தான். அதற்கு அத்தனை நுட்பமான வண்ணம் எதற்கு? மேலும், வெறும் வண்ணப் பரப்புகளாகவே நிற்கும் நூற்றுக்கணக்கான ஒத்திகைத் தாள்களை அவர் விற்கவும் இல்லை, காட்சிக்கு வைக்கவும் இல்லை. ஆசை இல்லாதவர் அப்படி உழைப்பாரா? பெருமைக்கு எண்ணெய் ஓவியத்தை நாடினாரே என்றால், அன்றைய அகாடமி நீர்வண்ணம் மட்டும் தீட்டுவோருக்கு உறுப்பினர் தகுதி தரவில்லை. அந்தப் புறக்கணிப்பால்தான் நீர்வண்ணக்காரர்கள் 1804-இல் தனிச் சங்கம் கண்டார்கள். அகாடமியின் அளவுகோலை டர்னரின் சொந்த விருப்பமாகக் கொள்வது நியாயமில்லை. 1802-இல் முழு உறுப்பினரான பிறகும் அவர் நீர்வண்ணத்தைக் கைவிடவில்லை என்பதை மறக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் ரிகி மலையை மூன்று வெவ்வேறு ஒளிகளில் தீட்டிய 1842-இல் அவருக்கு வயது 67.

நீர்வண்ணம் வெளுத்துப்போகும், நிலைக்காது என்ற ஆட்சேபம் மட்டுமே கனமானது. சில சிவப்புகளும் நீலங்களும் வெயில் பட்டு மங்கியது உண்மைதான். ஆனால் அது பாதுகாப்பைப் பற்றிய கேள்வி, தரத்தைப் பற்றியது அல்ல. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் 38 டர்னர் தாள்களை 1900-இல் எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு விட்டுச் சென்றபோது, வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே காட்டவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அந்த ஏற்பாட்டால் அவை இன்றும் வண்ணம் குன்றாமல் இருக்கின்றன.

1851-இல் டர்னர் இறந்தபின் நாட்டுக்குச் சேர்ந்த சொத்தில் எண்ணெய் ஓவியங்கள் சுமார் 300. பென்சில் குறிப்புகளையும் சேர்த்துத் தாள்கள் ஏறத்தாழ 30,000. அவற்றைப் பாதுகாக்கும் டேட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தத் தாள்களைப் பார்க்கலாம். 1819-இல் தீட்டிய வெனிஸ் காலைகளிலிருந்து தொடங்குங்கள்.