கல்லீரலில் கட்டியா? முதலில் அதன் பெயர் தெரியட்டும்

"அத்தாவுக்குக் கல்லீரலில் கட்டி இருக்கிறதாம்" என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னாலே போதும், வீட்டில் அடுப்பு எரிவதில்லை. கல்லீரல் புற்றுநோய்தான், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று உறவினர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கல்லீரலில் தெரியும் கட்டியெல்லாம் ஒரே நோய் அல்ல. அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். காசநோயாக இருக்கலாம். குடலில் தொடங்கிய புற்று அங்கே பரவியிருக்கலாம். மிக அபூர்வமாக, கல்லீரலிலேயே தொடங்கிய லிம்போமாவாகவும் இருக்கலாம்.

லிம்போமா என்பது ஒருவகை வெள்ளை அணுக்களில் உண்டாகும் புற்று. பொதுவாகக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவதாக வெளிப்படும். கல்லீரலில் மட்டும் தொடங்குவது லிம்போமா நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்தவர்களில் நடுத்தர வயது ஆண்களே அதிகம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவு வியர்வை, எடை குறைதல் ஆகியவை அறிகுறிகள். காசநோய்க்கும் இவற்றில் பல உண்டு என்பதுதான் சிக்கல்.

ஸ்கேன் கட்டியைக் காட்டும், பெயரைச் சொல்லாது. இரத்தப் பரிசோதனை கொஞ்சம் துப்புக் கொடுக்கும். கல்லீரல் புற்றில் பலருக்குக் கூடும் ஏ.எஃப்.பி. அளவு இந்நோயில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எல்.டி.எச். கூடியிருக்கும். உறுதி செய்வது பயாப்சிதான். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்திச் சிறு துண்டுச் சதை எடுத்து, சிறப்புச் சாயங்களால் சோதிக்கிறார்கள். பிறகு பெட் ஸ்கேனும், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்து, நோய் வேறெங்கும் இல்லையா என்று பார்ப்பார்கள்.

"ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்ற பேச்சு நம் ஊரில் ஓயவே இல்லை. அப்படி நேர்வது மிகக் குறைவு. கல்லீரல் சுருக்க நோய் உள்ள சிலருக்கு ஸ்கேனை வைத்தே கல்லீரல் புற்று என்று உறுதி செய்வார்கள். அதை மருத்துவர் சொல்லட்டும். லிம்போமா என்று சந்தேகம் வந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது. ஏனென்றால் சிகிச்சையே வேறு. பெரும்பாலும் அறுவைக்கு வேலையில்லை. கீமோதெரபியும், பல வகைகளில் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும்தான். இவற்றால் பலருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு மருந்தைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பரிசோதனை முடிவு தெளிவில்லாமல் போய்விடும். வேறு நோய்க்காக ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்து, ரிட்டுக்ஸிமாப் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடலில் அடங்கிக் கிடக்கும் அந்தக் கிருமியை இம்மருந்து கிளப்பிவிடக்கூடும்.

வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்க விரும்பினால், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.