மலையிறங்கிய பின்

மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேல்கோட்டை, பிழைப்பை நாடி இந்நாட்டிற்கு வந்த நமக்கு அயலூராகத் தோன்றுவதில்லை. ஸ்ரீ ராமாநுஜர் தங்கியிருந்த திருநாராயணபுரம் அல்லவா! பங்குனியில் வைரமுடி சேவைக்கு வரும் கூட்டத்தில் ஒரு வகையினரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். யோக நரசிம்மர் மலையேறி, “இனித் தொடமாட்டேன், சுவாமி” என்று சன்னிதியில் சொல்லிவிட்டு, மனைவி மக்களோடு இறங்கி வருபவர்கள் அவர்கள். எதைத் தொடமாட்டார்கள் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வாக்கை நாம் இலேசாக எண்ணவில்லை. மனம் வையாதவனை யாரும் மீட்க இயலாது. ஆனால் மலையிறங்கிய பின் வரும் நாட்களைப் பற்றி நம் வீடுகளில் பேசுவோர் குறைவு.

முதலாவது, உடலைப் பற்றியது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். மதுவினால் நெடுநாள் அடங்கிக் கிடந்த மூளை, அந்த அடக்கம் நீங்கியதும் கட்டுமீறி எழுகிறது. கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் வராது. சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிடில் உயிரும் போகலாம்.

நாம் அறிந்த ஓர் அன்பர், ரயில் பாதை வேலையில் இருப்பவர், மேல்கோட்டையில் வாக்குக் கொடுத்த மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக் கூச்சலிட்டார். அக்கம்பக்கத்தார் பேய் என்றனர். அவர் மனைவியார் எழுத்தறியாதவர்; ஆயினும் நிதானம் உள்ளவர். பூசாரியைத் தேடாமல் ஆட்டோவை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து ஒரு வாரத்தில் தேற்றி அனுப்பினார்கள். சுவாமிக்குக் கொடுத்த வாக்கை டாக்டரிடமும் சொல்லிவிடுவது நலம் என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் அந்த ஒரு வாரம் தொடக்கமே. சென்னையில் டி. டி. ரங்கநாதன் என்பவர் பெரிய தொழிற்குடும்பத்தில் பிறந்தவர், செல்வத்திற்குக் குறைவில்லை. எனினும் குடி நோயால் 1979-ஆம் ஆண்டில் இளவயதிலேயே காலமானார். அவர் மனைவியார் சாந்தி ரங்கநாதன் துயரத்தோடு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1980-இல், கணவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். மருந்தோடு நில்லாமல் மனத்திற்கும் பயிற்சி அளிப்பதும், நோயாளியோடு குடும்பத்தாரையும் அழைத்து உட்கார வைப்பதும், வீடு திரும்பியவரை மேலும் பல காலம் தொடர்ந்து விசாரிப்பதும் அங்கே வழக்கமாயின. கிராமங்களிலும் முகாம்கள் நடத்தினார்கள். 1992-இல் அவ்வம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குடும்பத்தாரை ஏன் அழைக்க வேண்டும்? நம் வீடுகளையே பாருங்கள். கணவர் வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்புவது யார்? கடனை அடைப்பது யார்? ஊரிலிருக்கும் மாமியாருக்குத் தெரியாமல் மறைப்பது யார்? அன்பினால் செய்வதுதான், ஆனால் குடியின் விளைவு குடிப்பவரைச் சேராமல் அது தடுத்துவிடுகிறது. உற்றார் அருகில் இல்லாத நம்மைப் போன்றோரிடம் இந்த மறைப்பு இன்னும் மிகுதி. வருகைப் பதிவேட்டோடு பழகிய குமாஸ்தாவுக்குச் சம்பள நாளுக்கு மறுநாள் வரும் “காய்ச்சல்” நன்கு தெரியும்!

நம் அன்பர் நான்கு மாதம் கழித்து மீண்டும் குடித்தார். வாக்குப் பொய்த்தது என்று வீட்டில் அழுகை. “இவன் திருந்தமாட்டான்” என்று உறவினர் தீர்ப்பு. இங்கே ஒரு செய்தியை அவர்களுக்குச் சொன்னோம். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், போன காரியம் தோற்றுக் குடிக்கத் தவித்த வேளையில், தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியோடு பேசினால் தப்பலாம் எனத் தேடிக் கண்டவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து உண்டாக்கியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற தோழமைச் சங்கம். அந்த டாக்டர், பில்லைச் சந்தித்த சில வாரங்களுக்குள் ஒரு மாநாட்டிற்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். அதன்பின் 1935 ஜூன் 10-ஆம் நாள் குடித்ததே கடைசி என்று சங்கத்தார் அந்நாளையே தங்கள் தொடக்க நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இச்சங்கம் 1957 முதல் இந்தியாவிலும் உண்டு. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. ஆயுள் முழுவதற்கும் சபதம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருக்க வழி பார் என்பதே அவர்கள் முறை. பெங்களூரில் தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

நம் அன்பருக்கு முதலில் கூட்டம் பிடிக்கவில்லை. பஜனைக்குப் போய்ப் பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் தமக்கென ஒரு வழி கண்டார். வேலை முடிந்ததும் கடைத்தெரு வழியே வராமல் பாதையோரமாகச் சுற்றி வருகிறார். சம்பளம் வங்கியில் விழுகிறது, அட்டை மனைவியாரிடம். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரைதான் தமக்கு ஆகாத நேரம் என்று கண்டுகொண்டு, அந்நேரத்தில் வீட்டின் பின்புறம் அவரையும் கத்தரியும் வளர்க்கிறார். மாதம் ஒரு முறை கூட்டத்திற்கும் போகிறார், இப்போது பிறர் பேச்சைக் கேட்பதற்காக. இன்னொருவருக்கு இது பொருந்தாது போகலாம். அவருக்குப் பஜனையே போதுமானதாக இருக்கலாம்.

பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே செல்லுமுன் வீட்டிலிருந்தபடியே யோசனை கேட்க விரும்புவோர், கட்டணமின்றி 14446 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம். மனத்துயரம் மிகுந்தபோது 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்தாம் அழைக்க வேண்டும் என்பதில்லை. அவர் மனைவியாரோ தாயாரோ அழைத்தாலும் பதில் சொல்வார்கள்.