வகீல், வஸீ, வலீ: யாருக்கு என்ன பொறுப்பு?

வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ச் சொத்தைக் கவனிக்கத் தம்பிக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால், தம்பி அவருடைய வகீல். கொடுத்தவர் வஃபாத்தானதும் பொதுவாக அந்த அதிகாரம் முடிந்துவிடும். ஷரீஅத்தும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதையே சொல்கின்றன. அதன்பிறகு அந்தப் பவரைக் காட்டி எதையும் விற்கக் கூடாது.

வஸீ வேறு. நியமித்தவரின் மரணத்துக்குப் பிறகே அவர் பொறுப்பு தொடங்கும்: கடனை அடைப்பது, வஸிய்யத்தை நிறைவேற்றுவது, மீதியை வாரிசுகளிடம் சேர்ப்பது.

வலீ என்றால் பொறுப்பாளர். சிறுபிள்ளைகளின் சொத்துக்குத் தகப்பனாரே வலீ. அவருக்குப் பின் நம் நாட்டில் அந்த உரிமை தாய்க்குத் தானாக வராது. தகப்பனார் அவரை வஸீயாக நியமித்திருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் நியமிக்க வேண்டும்.

பிள்ளைகள் சிறியவர்களா? பவர் பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மனைவியை வஸீயாக நியமித்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வஸிய்யத் எழுதி வையுங்கள்.