ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!

ராத்திரி பதினொன்றே முக்கால். முத்தியால்பேட்டையே தூங்கிவிட்டது. போர்வைக்குள்ளே நான் மட்டும் செல்போனும் கையுமாக. முகத்தில் வெளிச்சம், நெஞ்சில் படபடப்பு. சகதர்மிணி சட்டென்று போர்வையை விலக்கினாள்.

"யாருங்க அவ?"

"கிரீடம் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா. வயசு நூறுக்கு மேலே!"

நம்பவில்லை. போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு வெள்ளிக் காசு. கீழே கடிகாரம் ஓடுகிறது. ஏலம் முடிய இன்னும் 14 நிமிஷம்.

"ஐயே... இதுக்கு அதுவே தேவலை" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

அடியேன் பி.காம். வரவு எது, செலவு எது என்று மூன்று வருஷம் படித்துப் பாஸ் செய்தவன். அப்படிப்பட்டவனை ஆன்லைன் ஏலம் எப்படிக் கவிழ்க்கப் பார்த்தது என்பதுதான் கதை. ஆபீஸ் டீ டைமில் 'பழைய காசு இருந்தால் நீங்களும் லட்சாதிபதி' வீடியோ பார்க்கும் தம்பிகள் கொஞ்சம் இப்படித் திரும்பவும்.

சைகோன் லட்சுமி

புதுச்சேரியில் பழைய குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள். யாராவது ஒருத்தர் சைகோன் போய்வந்திருப்பார். இங்கேயும் பிரெஞ்சு ஆட்சி, இந்தோசீனாவிலும் பிரெஞ்சு ஆட்சி. பட்டாளத்துக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் இங்கிருந்து கப்பலேறினார்கள். 1875-ல் பாரிஸில் தொடங்கிய இந்தோசீனா பேங்க், சைகோனில் ஒரு கிளை, நம்ம புதுச்சேரியில் ஒரு கிளை என்றுதான் கடை விரித்தது.

என் தாத்தா ஒரு 'சொல்தா'. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். திரும்பி வரும்போது டிரங்குப் பெட்டியில் ஏழு வெள்ளிக் காசு கொண்டுவந்தார். பியாஸ்தர் என்று பெயர். 1885 முதல் 1928 வரை அந்த நாட்டுக்காக அடித்த காசு. ஒரு பக்கம், கதிர் வீசும் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண். பிரெஞ்சுக்காரனுக்கு அவள் குடியரசு. பாட்டிக்கு அவள் லட்சுமி! பூஜையறையில் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்தாள்.

நான் பிறந்த வருஷம் தாத்தா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஏழு லட்சுமியும் நகைக்கடைத் தராசில் ஏறின. எடைக்கு எடை பணம். உருக்கியாச்சு. தாத்தாவும் பிழைக்கவில்லை.

"ஒண்ணையாவது எடுத்து வெச்சிருக்கலாம்டா" என்று அம்மா இப்பவும் சொல்வாள். வினை அங்கேதான் ஆரம்பம்.

காசு சொன்ன பொய்

முதல் முயற்சி. ஏதோ ஒரு இணையதளம். 1908-ம் வருஷத்து பியாஸ்தர். 1,800 ரூபாய்க்கு ஜெயித்துவிட்டேன். கூரியர் 80 ரூபாய் தனி. ஒரு வாரம் கழித்து வந்தது, புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று.

தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார்.

"பிரெஞ்சு, ஆசாரியாரே. தரம் 0.900, எடை 27 கிராம்."

தராசில் போட்டார். 20.8!

"காசு ஒண்ணு சொல்லுது, தராசு ஒண்ணு சொல்லுது. யாரை நம்பறது?" என்றபடி மேஜையிலிருந்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். டக்கென்று துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டாள் லட்சுமி. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது சார். இது வெள்ளி முலாம் பூசிய இரும்பு!

அன்றைக்கு ஆசாரி நடத்திய பாடம் காலேஜில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. பியாஸ்தர் ஆரம்ப வருஷங்களில் 27.215 கிராம், 1895-லிருந்து 27 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ஆறு கிராம் குறையாது. நம்ம வெள்ளைக்காரன் ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதிலும் வருஷம் பார்க்கணும். 1940 முதல் 1945 வரை வந்த வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதிதான். இன்னொன்று: பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் சேகரிப்பவர்களிடம் விலை ஏறாது, இறங்கும். கறுப்புதான் அதற்கு அழகு!

இது ஏலச்சீட்டேதான்!

சூடு கண்ட பூனை கொஞ்ச நாள் பாலே குடிக்கவில்லை. பிறகு, காசு ஏலத்துக்கென்றே இருக்கும் ஒரு நிறுவனத்தில் பெயரைப் பதிந்தேன். ஒவ்வொரு காசுக்கும் எடை, இரண்டு பக்கப் படம், தேய்மானக் குறிப்பு என்று ஒழுங்காகக் கேட்டலாக் போட்டிருந்தார்கள். புரட்டினால் நம்ம ஊர்ச் சரக்கு! 1736-ல் ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கி, புதுச்சேரியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ஆற்காட்டு ரூபாய். எழுத்தெல்லாம் பாரசீகம். புதுச்சேரிக்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. பக்கத்திலேயே 'பணம்' என்கிற குட்டி வெள்ளிக் காசு. பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது, வாங்கத்தான் இல்லை.

ஆன்லைன் ஏலத்துக்கு வழிகாட்டியான ஈபே 1995-ல் அமெரிக்காவில் தொடங்கியபோது முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர். விலை 14.83 டாலர். அதற்கே ஆள் கிடைத்தால் காசுக்கு எப்படி இருக்கும்?

முறை ரொம்பச் சுலபம். உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று ரகசியமாகப் போட்டுவைக்கலாம். அடுத்தவர் கேட்கக் கேட்க கம்ப்யூட்டர் ஒவ்வொரு படியாக உங்களுக்காக ஏற்றிக்கொண்டே போகும். கடைசி நொடியில் பாய்ந்து தட்டிக்கொண்டு போகலாம் என்றால், பல இடங்களில் அதுவும் நடக்காது. கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்.

நம்ம ஏலச்சீட்டைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? அவசரக்காரன்தான் அதிகம் தள்ளி எடுப்பான். நஷ்டமும் அவனுக்குத்தான். இங்கேயும் அதே. பத்துப் பேர் ஒரு காசுக்கு மதிப்புப் போட்டால், ஜெயிப்பவன் யார்? பத்துப் பேரில் அதிகமாக மதிப்புப் போட்டவன், அதாவது பெரும்பாலும் தப்பாகப் போட்டவன். பொருளாதாரத்தில் இதற்கு 'ஜெயித்தவன் சாபம்' என்றே பெயர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளை ஏலம் எடுத்து நொந்த கம்பெனிகளைப் பார்த்து 1971-ல் மூன்று எஞ்சினீயர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த விஷயம்.

அந்த 14 நிமிஷம்

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அந்த ராத்திரி உட்கார்ந்தேன். காகிதத்தில் கொட்டை எழுத்தில் '8,000. அதுக்கு மேல் ஒரு பைசா கிடையாது' என்று எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பேங்கில் இருந்தது 10,400. மகளின் ஸ்கூல் பீஸ்.

6,500... 7,000... 7,500... நான் 8,000. அப்பாடா!

எதிராளி 8,500.

நிறுத்த வேண்டியதுதானே? விரல் நிறுத்தவில்லை சார். ஆஸ்பத்திரி, தராசு, 'ஒண்ணையாவது' என்ற அம்மாவின் குரல், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அமுக்கிவிட்டேன். 9,000!

ஒரு தரம்... ரெண்டு தரம்... இதெல்லாம் இங்கே யாரும் கூவுவதில்லை. கடிகாரம் மட்டும் ஓடும். அப்போதுதான் பி.காம். விழித்துக்கொண்டது. ஏல நிறுவனத்துக்கு 20 சதவீதம் கமிஷன். ஆக 10,800. அதற்கு மேல் வரி, கூரியர். பேங்கில் இருப்பதோ 10,400. கேட்ட விலையை வாபஸ் வாங்க முடியாது என்று விதிமுறையில் நானே படித்து 'சம்மதம்' கொடுத்திருக்கிறேன். வேர்த்துக் கொட்டியது.

எங்கே இருக்கிறாரோ அந்தப் புண்ணியவான்... 9,500 என்றார்!

தோற்றதற்காக மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தம்பிகளுக்கு மூன்று வார்த்தை

ஒன்று: உங்கள் உச்சவரம்பைக் காகிதத்தில் எழுதினால் போதாது. கமிஷன், வரி, கூரியர் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுங்கள். போனையும் சேர்த்து!

இரண்டு: 'உங்கள் பழைய காசை ரிசர்வ் பேங்க் லட்சம் கொடுத்து வாங்கும், முன்பணம் மட்டும் அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால் அது சுத்த மோசடி. ரிசர்வ் பேங்க் இந்த வியாபாரத்திலேயே இல்லை, இதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

மூன்று: வெளிநாட்டுக்காரன் டாலரில் கேட்கிறான் என்று தாத்தா காலத்துக் காசைப் பார்சல் கட்டாதீர்கள். நூறு வருஷமான நாணயம் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். இஷ்டத்துக்கு நாட்டை விட்டு அனுப்ப முடியாது.

அந்த இரும்பு பியாஸ்தர் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? மேஜை டிராயரில் ஒளித்து வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை அம்மா கண்ணில் பட்டுவிட்டது. கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, அது டூப்ளிகேட். வெறும் இரும்பு" என்றேன்.

"இருக்கட்டுமே. அந்த ஏழும் மட்டும் நிஜ லட்சுமியாடா? உங்க பாட்டி கும்பிட்டாங்க, லட்சுமி ஆச்சு."

குங்குமம் வைத்தாச்சு. பூஜையறையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள் சைகோன் லட்சுமி. 1,880 ரூபாய். வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்றுதான் இந்த பி.காமுக்கு இன்னும் விளங்கவில்லை.