போடிமெட்டு ஏற்றமும் இரண்டு கிலோ எடையும்

"அப்பா, சைக்கிள் எடையைக் குறைத்தால் போடிமெட்டு ஏறிவிடலாமா?" என்று கேட்டான் என் மகன். மலைச் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது இன்று வழக்கமான கேள்வி. இடுக்கியில் இருப்போருக்குப் போடிமெட்டுச் சாலை. பாலக்காட்டில் இருப்போருக்கு நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி. பணத்தை எடுக்கும் முன் கணக்குப் பார்ப்போமே!

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ. ஆக மொத்தம் 80. அதில் 2 கிலோ குறைந்தால் இரண்டரை சதவீதம். இரண்டு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது மூன்று நிமிடம்தான்!

அதற்காக எடைக் குறைப்பே வீண் என்று சொல்லவில்லை. செலவில்லாததில் தொடங்குங்கள்: தேவையற்ற ஸ்டாண்டையும் கேரியரையும் கழற்றுங்கள். அடுத்தது டயரும் டியூபும். இரும்புக் கம்பி விளிம்புள்ள டயருக்குப் பதில் மடக்கக்கூடிய டயர் போட்டால் சில நூறு கிராம் குறையும். சக்கரம் சட்டென்று வேகம் பிடிக்கும். இரும்பு சீட் கம்பியை அலுமினியமாக மாற்றலாம். விலை குறைந்த சைக்கிள்களில் முன்பக்கம் உள்ள ஸ்பிரிங் ஃபோர்க்தான் பெரிய சுமை. தார்ச் சாலையில் மட்டும் ஓட்டுபவர், உயரம் பொருந்துகிற ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கை மாட்டினால் ஒரு கிலோவுக்கு மேல் குறையலாம்.

ஆனால் ஏறுபவனுக்கு உண்மையில் உதவுவது கியர். பின் சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 28 பல் என்றால், 34 பல் உள்ளதாக மாற்றிப் பாருங்கள். வேகம் குறையும், மிதிக்க வேண்டிய விசையும் ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். பின் கியர் மாற்றி அதற்கு ஒத்துவருமா என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஏறியவன் இறங்கவும் வேண்டும். மெல்லிய டயர் கூர்ங்கல்லில் எளிதில் கிழியும். அளவுக்கு மீறி இறுக்கிய கார்பன் குழாய் விரிசல் விட்டு உடையலாம். பிரேக், ஹேண்டில்பார், ஃபோர்க் இவற்றில் கிராமுக்காகத் தரத்தைக் குறைக்காதீர்கள். பஞ்சர் சாமானையும் தலைக்கவசத்தையும் எடை என்று வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள்.

என் மகன் கடைசியில் வாங்கியது ஒரு பல்சக்கரமும் புது பிரேக் கட்டைகளும்தான். போடியிலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தான். வீட்டு வாசலில் அவனைப் பார்த்த பிறகே எங்கள் மனப்பாரம் இறங்கியது.